ஒற்றைக் கோடு காட்டிய கல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊற்றெடுத்துப் பொங்கவில்லை. ஒரு நகைக்கடை தன் வாடிக்கையாளர்களுக்குப் பையில் போட்டுக் கொடுக்கும் வழவழப்பான இதழுக்காக என்னிடம் கேட்டு வாங்கிய சரக்கு இது. "கார்னெட் கல்லோட வரலாறும் இயல்புகளும். ரெண்டாயிரத்து ஐநூறு வார்த்தை. கொஞ்சம் ஜனரஞ்சகமா இருக்கட்டும் சார்" என்றார் இதழின் ஆசிரியர். ஜனரஞ்சகம் என்றால் என்ன என்று கேட்டேன். காதல், விசுவாசம், ஜனவரி மூன்றும் கட்டாயம் வர வேண்டும். இரும்பு, அலுமினியம், சிலிக்கா மூன்றும் வரவே கூடாது என்றார். சிவப்புக் கார்னெட் முழுக்கப் பின்னதால் ஆனது. முன்னதில் ஒன்றுகூட அதில் கிடையாது.

சரி, கேட்டுவிட்டார்களே என்று உட்கார்ந்தேன்.

"மாதுளம்பழத்தைப் பிளந்ததும் சிதறும் செந்நிற முத்துகளைப் போல, பூமித்தாயின் மடியிலிருந்து —

அடித்தாயிற்று. கார்னெட் என்ற பெயரே மாதுளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான், மறுக்கவில்லை. அதற்காக இந்தக் கல்லைப் பற்றி எழுதுகிறவர் ஒவ்வொருவரும் கையில் ஒரு மாதுளையோடு வந்து நிற்க வேண்டுமா? நான் படித்த பதினான்கு கட்டுரைகளில் பதின்மூன்று பழக்கடையில் தொடங்கின. மீதி ஒன்று பழச்சாற்றில் தொடங்கியது.

"ஜனவரியில் பிறந்தவர்களுக்காக விண்மீன்களே தேர்ந்தெடுத்த —

இதுவும் போச்சு. எந்த மாதத்துக்கு எந்தக் கல் என்று இன்றைக்குக் கடைகளில் ஒட்டியிருக்கும் பட்டியலை ஒழுங்குபடுத்தியது 1912இல் கூடிய நகை வியாபாரிகள் சங்கம் ஒன்று. விண்மீன்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

"கார்னெட் என்பது ஒரு கல் அல்ல, ஒரு குடும்பம் —

இது உண்மை. சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று அதில் ஏழெட்டுப் பிள்ளைகள். கோமேதகம்கூட அந்த வீட்டுப் பிள்ளைதான். ஆனால் நகைக்கடை இதழில் குடும்பம் என்று ஒரு சொல்லை வைத்தால், பக்கத்திலேயே ஒரு சோபாவில் நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கும் படத்தைப் போட்டுவிடுவார்கள். அப்படிச் சிரிக்கும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு விளம்பரங்களைப் பாருங்கள்.

(அடிக்குறிப்பு, ஆனால் நடுவிலேயே: நகைக்கு லாயக்கில்லாத கார்னெட்டைப் பொடியாக்கி உப்புத்தாளில் ஒட்டி மரம் தேய்க்கிறார்கள். தண்ணீரோடு சேர்த்துப் பீய்ச்சி இரும்புத் தகடு வெட்டுகிறார்கள். இதைச் சொன்னதும் ஆசிரியரின் முகம் சுண்டிப்போனது. "காதல் சின்னத்தை உப்புத்தாள்னு சொன்னா யார் சார் வாங்குவா?")

2

விஷயம் தெரிந்த ஒருவரைப் பார்க்காமல் இனி ஒரு வரி எழுதுவதில்லை என்று, போட்டோகாப்பிக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கும் கல் சோதனைக்கூடத்துக்குப் போனேன். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. ஒரு மேஜையில் இரண்டு நுண்ணோக்கிகள், செங்கல் அளவில் ஓர் ஒளிவிலகல் மானி, ஒரு தட்டில் வெள்ளைக் காகிதம், இடுக்கி. மேஜைக்குப் பின்னால் அவள்.

வியாபாரிகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒத்தைச்சொல்'. காரணம் இருக்கிறது. பரம்பரைச் சொத்து என்று பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். அவள் பத்து நிமிடம் பார்ப்பாள். பிறகு நிமிர்ந்து, "கண்ணாடி" என்பாள். அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்க மாட்டாள்.

(முதல் வரைவில் அவளுக்கு 'கார்னெட்டைப் போல ஒளிரும் கண்கள்' கொடுத்திருந்தேன். படித்துவிட்டு, "கண் சிவந்திருந்தா டாக்டரைப் பார்க்கணும் சார்" என்றாள். எடுத்துவிட்டேன். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் உண்டு, அது மட்டும் நிஜம்.)

நான் கொண்டுபோன குறிப்புகளைப் புரட்டினாள்.

"விசுவாசத்தின் சின்னம்னு எழுதியிருக்கீங்க. ஒரு தாதுப்பொருளுக்கு விசுவாசம் எங்கே சார் இருக்கும்?"

"ஆசிரியர் கேட்டார்."

"கப்பல்ல விளக்கா எரிஞ்சுதுன்னு வேற இருக்கு."

"அது பழைய கதை. பெருவெள்ளத்தில் மிதந்த கப்பல்."

"இது தானா ஒளி விடாது. ஊதா விளக்கு அடிச்சாக்கூட செத்த மாதிரி கிடக்கும். மாணிக்கம்தான் ஒளிரும்."

பிறகு, என்ன தோன்றியதோ, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தாள். விரல்நகம் அளவுக்குத் தெர்மாகோல் துண்டு ஒன்றை மிதக்கவிட்டு அதன்மேல் ஒரு சிவப்புக் கல்லை வைத்தாள். ஒரு சிறிய காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாள். கல் தன் தெப்பத்தோடு அசைந்து, நிதானமாகக் காந்தத்தின் பின்னால் வந்தது. உள்ளே இருக்கும் இரும்பின் வேலை அது. மாணிக்கத்தை வைத்தால் நின்ற இடத்திலேயே நிற்குமாம். பழங்காலத்து ஆட்கள் இந்த வம்பெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. சிவப்பாக இருந்தால் தணல் என்று ஒரே பெயரை வைத்து, மாணிக்கம், கார்னெட் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு மூடினார்கள். அரசர்கள் கார்னெட்டில் முத்திரை வெட்டி மோதிரமாகப் போட்டுக்கொண்டு, உலகிலேயே விலை உயர்ந்த கல் தங்கள் கையில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் போய் அவர்களிடம் 'கார்னெட்' என்று ஒத்தைச்சொல் சொல்லவில்லை.

"கார்னெட் விஷயத்துல நான் ஒரே ஒரு தப்பு பண்ணியிருக்கேன் சார்" என்றாள் அவள், காந்தத்தைத் துடைத்துக்கொண்டே. "அதையும் வேணும்னா எழுதிக்கோங்க."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தன் தப்பை யாரும் சும்மா கொடுப்பதில்லை. நான்தான் கதை கிடைத்த குஷியில் பல்லை இளித்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

3

பதினொரு வருடங்களுக்கு முன்னால். அவளுக்கு இருபது வயது. கல் சோதனைப் படிப்பில் சேர்ந்து மூன்றாவது மாதம். மூன்றாவது மாதத்தில் எல்லோருக்கும் வரும் வியாதி அவளுக்கும் வந்திருந்தது. பார்க்கிற காது, மூக்கு, விரல் எல்லாவற்றையும் மனதுக்குள் சோதித்துப் பார்த்து, உலகமே போலி என்று உதட்டைச் சுழித்துக்கொண்டு திரிந்தாள்.

வீட்டில் அம்மாவின் விரலில் ஒரு மோதிரம். பின்பக்கம் முழுக்க மூடிய பழைய வேலைப்பாடு. நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புக் கல். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா கொடுத்தது. "மாணிக்கம்" என்று சொல்லிக் கொடுத்தார். அம்மா அதை இருபத்திரண்டு வருடமாகக் குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள்.

ஒருநாள் அம்மா குளிக்கப் போன நேரத்தில் மகள் அதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மானியின் கண்ணாடியில் ஒரு சொட்டுத் திரவம் வைத்து, கல்லின் மேல்முகம் படியும்படி கவிழ்த்தாள். மாணிக்கத்துக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரியும். அதனால் கல்லைத் திருப்பத் திருப்ப அளவுகோலில் இரண்டு கோடுகள் விலகித் தெரியும். கார்னெட்டில் ஒளி பிரிவதில்லை. எப்படித் திருப்பினாலும் ஒரே கோடு.

ஒரே கோடு. ஒளிவிலகல் எண் 1.77.

ஒரு கல்லைப் பற்றி வாய் திறக்கும் முன் குறைந்தது மூன்று சோதனை செய்ய வேண்டும் என்பது முதல் வாரப் பாடம். அவள் ஒன்றோடு நிறுத்தினாள். விடை கிடைத்துவிட்ட சந்தோஷம். அதைவிட, அப்பாவைப் பிடித்துவிட்ட சந்தோஷம்.

அப்பா யார் என்று சொல்ல வேண்டும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். ஒருத்தன் என்னை ஏமாத்தினது கிடையாது" என்பது அவர் தினமும் சொல்லும் வாக்கியம். டிக்கெட் இல்லாதவனின் கால் கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கும் என்பார். டிக்கெட் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்கிறவன் சட்டைப்பையைத் தேடுவான், நிஜமாகவே தொலைத்தவன் தரையைத் தேடுவான் என்பார். மகள் பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொன்னால், நாக்கை நீட்டச் சொல்லாமல் காலைத்தான் பார்ப்பார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பொய் சொல்லும் சுகமே தெரியாமல் போனது.

அம்மா நாள் முழுக்கத் தேடிய மோதிரத்தை அன்று இரவுச் சாப்பாட்டு மேஜையில் நடுவில் வைத்தாள்.

"அம்மா, இது மாணிக்கம் இல்லை. கார்னெட்."

தம்பி சாப்பிடுவதை நிறுத்தினான். அம்மா சிரித்தாள். "யாரோ கொடுத்த மெஷின் சொல்லுதாக்கும்? உங்கப்பாவை ஒருத்தன் ஏமாத்திட முடியுமா?" என்று பெருமையாகத்தான் கேட்டாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

அப்பா தட்டைப் பார்த்தார். டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"கார்னெட்தான்" என்றார். "தெரிஞ்சுதான் வாங்கினேன். கடைக்காரனே கார்னெட்னு சொல்லித்தான் கொடுத்தான்."

"மாணிக்கம்னு சொன்னீங்களே" என்றாள் அம்மா.

"சொன்னேன்."

"இருபத்திரண்டு வருஷமா?"

"ஆமா."

அம்மா அவரிடம் நேராகக் கேட்ட கடைசிக் கேள்வி அது.

(முதல் வரைவில் இந்த இடத்தில் அம்மாவை அழவைத்து, முந்தானையால் கண்ணைத் துடைக்கவைத்திருந்தேன். 'ஒத்தைச்சொல்' அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்து, "எங்கம்மா அழலை, பாத்திரம் தேய்ச்சா" என்று எழுதியிருந்தாள். எனக்கு எரிச்சல்தான். என் கதையில் யார் அழ வேண்டும் என்று முடிவு செய்ய இவள் யார்? ஆனால் யோசித்துப் பார்த்தால் தேய்ப்பதுதான் சரி.)

அம்மா அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். ஒரு பக்கத்தில் ஒரு பிழை கண்டால் முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து பார்ப்பவள். அன்றிலிருந்து கணவன் சொன்ன எல்லாவற்றையும் பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தாள். "கூடுதல் டூட்டி" என்று சொன்ன ராத்திரிகள், "நல்லாயிருக்கு" என்று சொன்ன சாப்பாடு, "உன்னைப் பார்த்ததும் பிடிச்சுப்போச்சு" என்று சொன்ன முதல் நாள். எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரு கேள்விக்குறி. அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். சாப்பாடு போட்டாள், சட்டை தேய்த்தாள், காய்ச்சல் வந்தால் மாத்திரை வைத்தாள். வாய் மட்டும் கிடையாது. பிள்ளைகள் வீட்டில் இருந்தவரை "அவர்கிட்ட சொல்லு" என்று போனது. அவர்கள் வேலைக்குப் போய்த் தனித்தனியாகக் குடியேறிய பிறகு சுவரைப் பார்த்து, "மேஜையில சாப்பாடு இருக்கு, சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்பாள். சுவரிடம் பதில் சொல்ல அவருக்கும் பழகிவிட்டது.

மகளோ, ஏமாற்றுக்காரர் என்று அப்பாவை மனதில் ஒரு பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டாள். எப்போதாவது வீட்டுக்குப் போனால், கதவைத் திறக்கும் அவரிடம் "அம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்பாள்.

4

போன மாதம் அம்மா சோதனைக்கூடத்துக்கே வந்தாள். படி ஏறிய மூச்சு வாங்க, கைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்தாள்.

"தம்பிக்கு நிச்சயம் பண்ணப் போறோம்ல. வரப்போற பொண்ணுக்கு இதைக் கொடுக்கலாம்னு இருக்கேன்."

"இதையா?"

"கல்லு என்னடி தப்பு பண்ணுச்சு? ஆனா சும்மா கொடுக்க மாட்டேன். கார்னெட்னு ஒரு சர்டிஃபிகேட் எழுதிக் கொடு. உன் கையெழுத்தோட. அந்தப் பொண்ணையாவது யாரும் எதுவும் சொல்லி ஏமாத்தாம இருக்கட்டும்."

சான்றிதழ் என்றால் எடை போட வேண்டும். எடை போட வேண்டும் என்றால் கல்லைக் கழற்ற வேண்டும். அதே தெருவில் கல் பதிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் காலை கொடுத்தாள். மதியம் அவரே மேலே ஏறி வந்தார்.

"மேடம், அடியில சிவப்புத் தகடு வெச்சு மூடியிருந்துது. கல்லு என்னமோ மாதிரி இருக்கு. நீங்களே பாருங்க."

அவள் இடுக்கியில் எடுத்து, வெள்ளைக் காகிதத்தின்மேல் முகம் கவிழ்த்து வைத்தாள்.

கல்லில் சிவப்பே இல்லை. தண்ணீர்போல வெளுத்துக் கிடந்தது. ஓரத்தைச் சுற்றி மட்டும் மெல்லிய சிவப்பு வளையம். பக்கவாட்டில் திருப்பி லென்சில் பார்த்தால், மேலே ஓர் அடுக்கு, கீழே ஓர் அடுக்கு, நடுவில் ஒட்டிய தளத்தில் நசுங்கிய காற்றுக் குமிழிகள்.

இதைத் தொழிலில் டப்லெட் என்பார்கள். ஒட்டுக்கல் என்று சொல்லிக்கொள்ளலாம். நூற்றைம்பது வருடங்களுக்கு முன், செயற்கை மாணிக்கம் வருவதற்கு முன்னால், தொழிற்சாலை போட்டுச் செய்தார்கள். கார்னெட்டை மெல்லிய சில்லாக வெட்டி, சுடச்சுடக் கண்ணாடியோடு உருக்கி ஒட்டிப் பட்டை தீட்டுவது. கார்னெட் அந்தச் சூட்டுக்கு விரிசல் விடாது. கண்ணாடிபோலச் சீக்கிரம் கீறலும் விழாது. மேல்முகத்தை மட்டும் சோதிக்கிற அவசரக்குடுக்கை யாராவது வந்தால், ஒரே கோட்டைக் காட்டி, கார்னெட் என்று சொல்லி அனுப்பிவிடும்.

அந்த அவசரக்குடுக்கை தான்தான் என்பது அவளுக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று. உலகத்தையே போலி என்று உதடு சுழித்தவள், தன் முதல் கல்லிலேயே கோட்டைவிட்டிருக்கிறாள்.

அடுத்த நிமிடம் வந்த யோசனை அதைவிட மோசம். கார்னெட் ஒன்றும் கிடைக்காத கல் அல்ல. கார்னெட்டைக் கார்னெட் என்று சொல்லி விற்க, எவனும் இந்தப் பாடுபட்டு ஒட்டமாட்டான். முழுக் கல்லையே வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். இப்படி ஒட்டி, அடியில் சிவப்புத் தகடும் வைப்பது மாணிக்கம் என்று சொல்லித் தள்ளிவிடத்தான். அப்படியென்றால், கடைக்காரன் கார்னெட் என்று சொல்லிக் கொடுத்தான் என்று அன்று அப்பா சொன்னது நடந்திருக்கவே முடியாது. அவர் மாணிக்கம் என்று நம்பித்தான் வாங்கியிருக்கிறார். நம்பித்தான் கொடுத்திருக்கிறார்.

மேஜையில் அவர் சொன்னதுதான் பொய்.

5

ஓய்வு பெற்ற பிறகும் அப்பா தினமும் சாயங்காலம் ரயில் நிலையத்துக்குப் போகிறார். இரண்டாவது நடைமேடையின் கடைசி பெஞ்ச். டிக்கெட் இல்லாமல் இறங்கிப் போகிறவர்களை எண்ணுவார். பிடிக்க அதிகாரம் இல்லை. எண்ண யார் தடுப்பது?

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"காட்டு."

காட்டினாள். தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

(இங்கே ஒரு பக்கத்துக்கு ரயில் நிலையத்தை வர்ணித்திருந்தேன். மாலை வெயில், தண்டவாளம், பிரிவுத்துயர் எல்லாம் இருந்தது. படிக்கப் படிக்க எனக்கே குமட்டியது. உங்களுக்கு ரயில் நிலையம் தெரியும்.)

"அப்பா, அந்தக் கல்லு கார்னெட் இல்லை."

"நீதானே சொன்னே."

"தப்பாச் சொன்னேன். மேல ஒரு சில்லுதான் கார்னெட். கீழ முழுக்கக் கண்ணாடி. மாணிக்கம்னு சொல்லி விக்கறதுக்குன்னே செஞ்சது." கொஞ்சம் நிறுத்தினாள். "கார்னெட்னு சொல்லி உங்களுக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது."

அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். ஒரு வண்டி வந்து, ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு போனது.

"கடையே கிடையாது" என்றார் கடைசியில். "வண்டியிலதான் வாங்கினேன். ஒரு பெரிய மனுஷன். அம்மாவுக்கு வைத்தியம், அவசரம், பரம்பரை மாணிக்கம்னு சொன்னான். மூணு மாசச் சம்பளம் கொடுத்தேன்."

"நீங்களா? வண்டியில ஒருத்தன் சொன்னதை நம்பி?"

"அவன்கிட்ட டிக்கெட் இருந்துச்சு" என்றார் அவர். "ஃபர்ஸ்ட் கிளாஸ். எல்லாம் சரியா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. பதினொரு வருட இளக்காரம் தொண்டையில் வந்து நின்றுகொண்டு, யார் மேல் துப்புவது என்று தெரியாமல் தவித்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா. அம்மா உங்ககூடப் பேசியிருப்பா."

"பேசியிருப்பா. எப்படிப் பேசியிருப்பா? 'பாவம் மனுஷன், ஏமாந்துட்டார்'னு பேசியிருப்பா. உங்கம்மாவுக்கு ஒரே பெருமை, என்னை ஒருத்தன் ஏமாத்த முடியாதுங்கறது. அன்னைக்கு மேஜையில நீ சொன்னப்பகூட அதைத்தான் சொல்லிச் சிரிச்சா. அதுக்கப்புறம் நான் எப்படி..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "நான் ஏமாத்திட்டேன்னு கோபப்படட்டும். அந்தக் கோபத்துல எனக்கு ஒரு மரியாதை இருக்கு. என்னை அயோக்கியன்னே வெச்சுக்கோங்க. முட்டாளாக்கிடாதே. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

கையை நீட்டினார். அவள் யோசித்தாள். பிறகு அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

6

இனி முடிவு. வாசகர்களுக்குப் பிடிக்கும் என்று சிலவற்றைச் செய்துபார்த்தேன்.

முடிவு ஒன்று. அவள் உண்மையைச் சான்றிதழில் எழுதிக் கொடுக்கிறாள், அம்மா படிக்கிறாள், ஓடிப்போய்க் கணவரின் காலடியில் — தூ. அந்த அம்மா ஓடமாட்டாள், முதலில் சான்றிதழில் எழுத்துப்பிழை பார்ப்பாள்.

முடிவு இரண்டு. அப்பா இறந்த பிறகு உண்மை தெரிகிறது. ஆளைச் சாகடித்துக் கண்ணீர் வாங்கும் இந்த வித்தை எனக்கும் தெரியும். செய்ய மாட்டேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், சர்க்கரை மட்டும் கொஞ்சம் அதிகம்.

முடிவு மூன்று. மகள் 'கார்னெட்' என்று பொய்ச் சான்றிதழ் எழுதி, அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறாள். இதை எழுதியபோது எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்து, அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"என் கையெழுத்துக்கு மேல பொய் எழுத மாட்டேன்" என்றாள்.

"அப்ப உண்மையை எழுதுங்க."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"பின்னே என்னதான் பண்ணப் போறீங்க? நிச்சயம் எப்போ?"

"பதினெட்டு நாள் இருக்கு. மெஷின் ரிப்பேர்னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

"சத்தியம் மட்டும்தானா?" என்று கேட்டேன். எனக்கும் பொறுமை போய்விட்டது. "உண்மையைச் சொன்னா, பதினொரு வருஷம் முன்னால நீங்க தப்பாச் சோதிச்சதும் வெளிய வந்துடும். ஒத்தைச்சொல் மேடம் ஒரே சோதனையோட வாய் திறந்தாங்க, வீடு ரெண்டாச்சுன்னு. அதுக்கும் சேர்த்துத்தானே பயம்?"

அவள் என்னை ஒரு கல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, நான் இதுவரை கொடுத்த வரைவுகளை எல்லாம் ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

"அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம். நீங்க எழுத மாட்டீங்கன்னு இல்லையே. உங்க பத்திரிகை வந்ததும் எனக்கு ஒரு காப்பி கொடுங்க. 'நம்ம லேபைப் பத்தி எழுதியிருக்காங்க, படிச்சுப் பாரும்மா'ன்னு அம்மாகிட்ட கொடுத்துடுவேன். அச்சுல எது இருந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பா."

அடப்பாவி என்று நினைத்தேன். கதை கிடைத்தது என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்குக் கிடைத்தது ஒரு தபால்காரன். பத்தொன்பது நாளாக நான் அழித்து அழித்து எழுதியதெல்லாம் தாயும் மகளும் நேருக்கு நேர் பேச முடியாததைப் போட்டு அனுப்ப ஓர் உறை. அதன்மேல் என் பெயரை வேறு போட்டுக்கொள்ளலாமாம்.

ஆசிரியருக்கு இதை அனுப்பினேன். ஜனவரி வந்திருக்கிறதா என்று மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் சார்" என்று சொல்லிவிட்டார். படித்திருக்க மாட்டார்.

7

மற்ற வாசகர்கள் இத்துடன் போகலாம். கார்னெட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்குத் தேவையானது எல்லாம் மேலே இருக்கிறது.

அம்மா, இது உங்களுக்கு.

மூன்றாம் பகுதிக்கு வரும்போதே யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிந்திருக்கும். நடுவில் எங்காவது பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பீர்கள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்காரர் உங்களை ஏமாற்றவில்லை. ஏமாந்தார். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொன்னார். உங்கள் மகள் அதை நம்பினாள், நீங்களும் நம்பினீர்கள். இத்தனை பேரில் யார் மேல் கோபப்படுவது என்பது உங்கள் பாடு. எனக்கு எல்லோர் மேலும் இருக்கிறது.

நீங்கள் இதைப் படித்துவிட்டீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. இன்று சாயங்காலம் அவர் ரயில் நிலையத்திலிருந்து திரும்பி வருவார், செருப்பைக் கழற்றுவார், கை கழுவுவார். நீங்கள் அவரைப் பார்த்து, "சாப்பிடறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அவர் கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதும், அவரை நீங்கள் இப்போது எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதும் அந்த ஒரு வார்த்தையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். பதினொரு வருடம் கொடுத்து அவர் காப்பாற்றிய ஒன்று அங்கேயே முடிந்துவிடும்.

கேட்காமல் இருந்தால், வழக்கம்போலக் கோபம் என்று நினைத்துக்கொண்டு அவர் நிம்மதியாகச் சாப்பிடுவார். இதுவரை தண்டனையாக இருந்த மௌனம், இன்றிலிருந்து நீங்கள் அவருக்குச் செய்யும் தயவாக மாறும். எது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்லத் தெரியவும் இல்லை.

அவர் வரும் நேரம் ஆகியிருக்கும். சாப்பாட்டை எடுத்து வையுங்கள்.